மக்காச்சோளம் ஏன் பொக்கும் போக்குமாக முளைக்கிறது? உழவைக் குறைத்து மண்ணை மூடி வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆவணி கடைசியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் யாரைப் பார்த்தாலும் மக்காச்சோளப் பேச்சுதான். அதில் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை ஓர் இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. பெரும்பாலும் மானாவாரியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், செம்மண் கரிசல் இரண்டுக்கும். உடுமலை, திண்டுக்கல் மாதிரி இறவையில் (தண்ணீர் இறைத்துப் பாய்ச்சி) போடுகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. போட்ட விதையில பாதிதான் முளைக்குது. விதைக் கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?

சில சமயம் விதையில் குறை இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் குறை மண்ணில்தான். சான்று பெற்ற மக்காச்சோள விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி, பையின் சீட்டிலும் அது அச்சிட்டிருக்கும். அந்த 90 எல்லா வசதியும் செய்து கொடுத்து ஆய்வகத்தில் பார்த்த கணக்கு. வயலில் ஈரம், ஆழம், மேல் மண் இறுக்கம், எலி, மயில் எல்லாவற்றையும் தாண்டித்தான் முளை வெளியே வர வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000 செடி வர வேண்டும். ஏக்கருக்கு வாங்குவது 8 கிலோ விதை. நூறு விதை 25 முதல் 30 கிராம் இருக்கும், அப்படியானால் 8 கிலோவில் 27,000 முதல் 32,000 விதைதான். அதாவது பருமனான விதையாக இருந்தால் கையிருப்பு என்று ஒன்றுமே இல்லை, போகிற ஒவ்வொரு விதைக்கும் ஒரு கதிர் போகிறது. நெல் மாதிரி தூர் கட்டி இடத்தை நிரப்பிக்கொள்ளும் பயிரும் இல்லை இது. அதனால்தான் மக்காச்சோளத்தில் முளைப்புக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது.

2. விதை நல்லதான்னு வீட்டுலயே பாக்க முடியுமா?

தாராளமாக. பையின் மேலாக மட்டும் எடுக்காமல் நடுவிலும் அடியிலும் கைவிட்டு 100 விதை எண்ணி எடுங்கள். நனைத்துப் பிழிந்த கோணிச்சாக்கில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, நிழலில் வையுங்கள். காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், சொட்டச் சொட்ட நனைக்கவும் கூடாது. ஏழாம் நாள் பிரித்து, வேரும் குருத்தும் இரண்டும் ஒழுங்காக வந்ததை மட்டும் எண்ணுங்கள். வேர் மட்டும் எட்டிப் பார்த்தது, குருத்து முறுக்கிக்கொண்டது எல்லாம் கணக்கில் சேராது.

85-க்குக் கீழே வந்தால் விதைப்பதற்கு முன்பே கடைக்குப் போய்விடுங்கள், பில்லும் சீட்டும் கையில் இருக்கட்டும். விதைத்த பிறகு போனால் பேச்சு எடுபடாது.

3. விதை நல்லாத்தான் இருந்துச்சு, வயல்லதான் வரலை. என்ன ஆச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?

தோண்டிப் பாருங்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, ஆனால் பத்து நிமிட வேலை. நல்ல ஈரத்தில் விதைத்தால் நாலைந்து நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் குருத்து வெளியே தெரிய வேண்டும். எட்டாம் நாள் போக்கு விழுந்த, அதாவது முளைக்காமல் காலியாகக் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து, வரிசையில் விதை இருக்க வேண்டிய இடத்தைக் களைக்கொத்தால் பக்கவாட்டில் மெதுவாக விலக்குங்கள். நேராகக் குத்தினால் விதை சிதைந்து ஒன்றும் தெரியாது.

விதை போட்டபடியே கெட்டியாக இருந்தால் ஈரம் பற்றவில்லை. மக்காச்சோள விதை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இழுத்தால்தான் உள்ளே வேலை தொடங்கும். ஊதிப்போய், அமுக்கினால் கூழாக நாற்றம் அடித்தால் தண்ணீர் நின்று மூச்சுத் திணறியிருக்கிறது. தோல் மட்டும் இருந்து உள்ளே மாவு இல்லையென்றால் எறும்போ புழுவோ தின்றது. விதையே இல்லை, மேலே சின்னக் குழி மட்டும் என்றால் மயில், அணில், எலி. இன்னொன்று உண்டு, செம்மண்காரர்கள் கவனிக்க வேண்டியது: வேர் நன்றாக இறங்கியிருக்கும், வெள்ளைக் குருத்து மேலே வந்து, ஓர் அங்குலம் கீழேயே முட்டி வளைந்து, வெளிச்சத்தைப் பார்க்காமல் மண்ணுக்குள்ளேயே இலையை விரித்துவிட்டிருக்கும். விதையும் ஈரமும் சரியாக இருந்தும் மேல் மண் வழி விடவில்லை என்று அர்த்தம். போக்கில் பெரும்பங்கு இந்தக் கடைசி வகையாக இருந்தால் கேள்வி 5-க்குப் போங்கள்.

4. எவ்வளவு ஆழம் ஊன்றணும்? மேலாப்ல ஊன்றினா சீக்கிரம் வந்துடுமே?

4 முதல் 5 செ.மீ. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாக ஊன்றினால் ஒரு நாள் முன்னதாக வரும், அவ்வளவுதான் லாபம். மக்காச்சோளத்துக்கு இரண்டு தடவை வேர் வருகிறது: முதலில் விதையிலிருந்து, பிறகு தண்டின் அடிக் கணுவிலிருந்து. கடைசி வரை செடியைத் தாங்குவது இந்த இரண்டாவது வேர்தான். விதையை 5 செ.மீ. ஆழத்தில் போட்டாலும் 7 செ.மீ. ஆழத்தில் போட்டாலும் அந்தக் கணு தரைக்கு 2 செ.மீ. கீழேதான் அமையும். ஆனால் விதையையே 2 செ.மீ. ஆழத்தில் போட்டுவிட்டால் கணு தரைமட்டத்துக்கு வந்துவிடும். மேல் மண் காய்ந்தால் கணு வேர் மண்ணுக்குள் இறங்காமல் வெயிலில் கருகிப்போகும், ஒரு காற்று அடித்தால் செடி சாய்ந்துவிடும். மேலாகக் கிடக்கும் விதை மயிலுக்கும் வசதி.

5. ஒரு மழை பெஞ்சு காஞ்சதும் மேல் மண்ணு ஏன் ஓடு மாதிரி இறுகிக்குது?

மண் கட்டியை ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது அதில் இருக்கும் மக்கிய பொருளும், வேர் நுனிகளும், நுண்ணுயிர்கள் விடும் பசையும். வருஷா வருஷம் பொடியாக உழுது, தட்டையை (அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் காய்ந்த தண்டை) எரித்து, எரு போடாமல் விட்டால் அந்தப் பசை தீர்ந்துவிடும். அப்புறம் மழைத்துளி வெறும் மண்ணில் நேராக விழும்போது கட்டி உடைந்து தூளாகி, அந்தத் தூள் மேலே உள்ள துளைகளை அடைத்துக்கொள்கிறது. வெயில் பட்டதும் அது இறுகி, குருத்தும் வெளியே வர முடியாது, அடுத்த மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காமல் ஓடிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? உங்கள் வயலில் இருந்து நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்று, உழவே படாத வரப்போரப் புல்தரையிலிருந்து அதே அளவில் இன்னொன்று எடுத்து வாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மெதுவாக உள்ளே விடுங்கள். வயல் மண் குமிழி விட்டுக்கொண்டே ஓரிரண்டு நிமிடத்தில் சரிந்து, தண்ணீர் கலங்கி, அடியில் சேறாக உட்காரும். வரப்பு மண் பெரும்பாலும் உருக்குலையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே மண், நடுவில் பத்தடி தூரம்தான். நம் கையால் என்ன நடந்திருக்கிறது என்று அந்த டம்ளர் சொல்லிவிடும்.

உடனடி நிவாரணம்: மேல் மண் இறுகி, குருத்து இன்னும் வராத நிலையில் தண்ணீர் வசதி இருந்தால் லேசாக நனைத்து விடுங்கள், இல்லாவிட்டால் முள் கிளையை இழுத்து மேல் இறுக்கத்தை மட்டும் உடைக்கலாம், குருத்து எட்டிப் பார்த்த பிறகு இழுத்தால் ஒடிந்துவிடும். செம்மண்ணில் மக்கிய எருவோ மக்கிய தென்னைநார்க் கழிவோ ஏக்கருக்கு 5 டன் போடச் சொல்வது இந்த இறுக்கத்துக்காகத்தான். நிரந்தரத் தீர்வு மண்ணை மூடி வைப்பதுதான், அதைத்தான் கீழே பேசப் போகிறோம்.

6. பாதுகாப்பு வேளாண்மைன்னு சொல்றாங்களே, அதுவும் இயற்கை விவசாயமும் ஒண்ணா?

இல்லை. பாதுகாப்பு வேளாண்மை என்பது மூன்று விஷயம்தான்: மண்ணை முடிந்த அளவு குறைவாகக் கிளறுவது, தரையை எப்போதும் ஏதாவது ஒன்றால் மூடி வைப்பது (இதுதான் மூடாக்கு), ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாமல் மாற்றுவது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் விதைப்பு முடிந்த பிறகும் தரையில் குறைந்தது 30 சதவீதம் மூடியிருக்க வேண்டும் என்கிறது. உரம், மருந்து கூடாது என்று இதில் விதி கிடையாது. வேண்டாம் என்பவர் விடலாம், போடுகிறவர் போடலாம்.

மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உழவை மட்டும் நிறுத்திவிட்டு, தட்டையை மொத்தமாக வெட்டி எடுத்துக்கொண்டு, மறுபடி மக்காச்சோளமே போடுகிறவர்களுக்கு நிலம் முன்பைவிட மோசமாகத்தான் போகும்.

7. உழாம எப்படி விதைக்குறது? மண்ணு கல்லு மாதிரி கிடக்குதே.

விதை இறங்கும் கோட்டை மட்டும் திறந்தால் போதும் என்பதுதான் விஷயம். ஐந்து கொழுக் கலப்பையில் தேவையில்லாத கொழுவைக் கழற்றிவிட்டு 60 செ.மீ. இடைவெளியில் கோடு மட்டும் கிழித்துக்கொண்டு, அந்தக் கோட்டில் ஆள் வைத்து ஊன்றலாம். சின்ன நிலமாக இருந்தால் கையால் குத்தும் ஊன்றுகருவியே போதும். உழாமல் விதைக்கும் டிராக்டர் கருவிகளும் இருக்கின்றன. வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களில் உங்கள் வட்டாரத்தில் என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் தொடங்குவதற்கு முன்பு ஒன்று செய்ய வேண்டும். நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் குத்துங்கள். ஒரு சாண் இறங்கி அங்கே முட்டி நிற்கிறது என்றால் அடியில் கடினத்தட்டு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உழவை நிறுத்தினால் வேர் இறங்காது. கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் 40 செ.மீ. ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, வெறும் கீறல்தான் விழும்.

8. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. கோடை உழவே வேணாங்குறீங்களா?

பெரியவர்கள் சொன்ன காலத்தில் மாடு கட்டி, நாட்டுக்கலப்பையில், நாலு விரற்கடை ஆழத்துக்கு ஓட்டினார்கள். அது மழைத் தண்ணீரை உள்ளே வாங்கத் தரையைத் திறந்துவிடும் உழவு. மண் கட்டியும் முட்டியுமாகக் கிடக்கும், வரப்போரம் எருவும் கிடையும் இருக்கும். இன்றைக்குச் சட்டிக்கலப்பை, அப்புறம் கொழுக்கலப்பை இரண்டு சால், மேலே ரொட்டவேட்டர் (சுழல் கத்திக் கலப்பை) என்று ஓட்டுவதற்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

வெறும் தரையாக, தட்டை எதுவும் இல்லாமல், சரிவாகக் கிடக்கும் நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடை உழவு போடுவதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூடாக்கு இருக்கும் நிலத்தில் அந்த வேலையை மூடாக்கே செய்கிறது: துளியின் வேகத்தைத் தடுத்து, தண்ணீரை நின்று இறங்க வைக்கிறது. அங்கே உழுதால் மூடாக்குதான் போகும். இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டையும் பாதிப் பாதி செய்யாதீர்கள்.

9. ரொட்டவேட்டர் ஓட்டினா மண்ணு பொலபொலன்னு இருக்கே, முளைப்புக்கு அது நல்லதுதானே?

ஓட்டிய அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் மழைக்கு அந்தப் பொலபொலப்புதான் கேள்வி 5-ல் சொன்ன ஓடாக மாறுகிறது. அதோடு ஒரே ஆழத்தில் கத்தி சுற்றிச் சுற்றி அடிப்பதால் அதற்குக் கீழே மண் வழவழவென்று பூசியது போல் இறுகுகிறது, ஈரத்தில் ஓட்டினால் இன்னும் மோசம். காய்கறி நாற்றங்காலுக்கு வேண்டுமானால் பொடி மண் தேவை. மக்காச்சோள விதை பெரிது, நெல்லிக்காய் அளவு கட்டி இருந்தாலும் முளைத்து வந்துவிடும். விதையைச் சுற்றி மண் நெருங்கிப் பிடித்திருந்தால் போதும். ஊன்றிவிட்டு அந்த இடத்தைக் குதிகாலால் லேசாக அமுக்கிவிட்டுப் போங்கள்.

10. தட்டையை வயல்லயே விட்டா மாட்டுக்கு என்ன போடுறது?

நியாயமான கேள்வி. மாட்டைப் பட்டினி போட்டு மண்ணைக் காப்பாற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மாடு தின்பது மேல் பாதியைத்தான்: தோகை, நுனித் தண்டு. அடித்தண்டு பெரும்பாலும் தொட்டியோரம் மிதிபட்டுக் கிடக்கும். அதனால் முழங்கால் உயரத்துக்கு மேலே அறுத்து மாட்டுக்கு எடுத்துக்கொண்டு, அடித்தண்டையும் கதிரிலிருந்து உறித்த தோகையையும் நிலத்தில் விடுங்கள். ஏக்கருக்கு ஒரு டன் காய்ந்த தட்டை பரவலாகக் கிடந்தால் அந்த 30 சதவீத மூடாக்கு வந்துவிடும். இயந்திரத்தில் அறுப்பவர்களுக்கு இது இன்னும் எளிது, தட்டை நசுங்கி வயலிலேயே கிடக்கிறது. அதில் தீ வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கிடை மண்ணுக்கு அருமையான எரு, அதை விட வேண்டாம். ஆனால் ராத்திரிக் கிடை மட்டும் போதும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் பகலிலும் மேய்ந்தால் தரை மொட்டையாகி, குளம்பு பட்டு மேல் மண்ணும் இறுகிவிடும்.

தட்டை போதாதவர்கள் உயிர் மூடாக்கு போடலாம்: மக்காச்சோள வரிசைக்கு நடுவே தட்டைப்பயறு அல்லது உளுந்து. கோடை மழை கிடைத்தால் சணப்பையோ கொளுஞ்சியோ தூவி, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கிப் படுக்க வைத்து, அதன் மேலேயே கோடு கிழித்து விதைக்கலாம்.

11. தட்டையை விட்ட இடத்துல பயிர் மஞ்சளடிச்சு நிக்குதே, இதுதான் மண் வளமா?

இதைப் பார்த்துத்தான் பலர் முதல் வருஷமே விட்டுவிடுகிறார்கள், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மக்காச்சோளத் தட்டையில் கரி (கார்பன்) 60 பங்கு இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்குதான். நுண்ணுயிர்களுக்கு அதைத் தின்ன ஏறக்குறைய 24-க்கு ஒன்று என்ற விகிதம் வேண்டும். தட்டையில் இல்லாத தழைச்சத்தை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, அந்த நேரம் பார்த்து நம் இளம்பயிரும் அதையே தேடுகிறது. சில வாரம் கழித்து நுண்ணுயிர்கள் செத்து மக்கும்போது அந்தச் சத்து திரும்ப வரும், ஆனால் பயிர் அதுவரை காத்திருக்காது.

இரண்டு விஷயம் செய்யுங்கள். அடியுரத்தில் தழைச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, பிந்திய மேலுரத்தில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் கூட வேண்டாம். தட்டையை மண்ணோடு கலக்காமல் மேலேயே விடுங்கள். மேலே கிடந்தால் மெதுவாகத்தான் மக்கும், இழுக்கும் தழைச்சத்தும் குறைவு. விதைப்புக்கு முந்தின வாரம் ரொட்டவேட்டர் விட்டுத் தட்டையை மண்ணோடு அரைத்துக் கலப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

குருத்து இலை வெளிறி வெள்ளையாக வந்தால் அது வேறு, துத்தநாகக் குறை. மண்வள அட்டையில் பார்த்துத் துத்தநாக சல்பேட் போட வேண்டும்.

12. மூடாக்கு போட்டா கரையான், எலி, படைப்புழு எல்லாம் வந்துடுமே?

கரையான் பெரும்பாலும் காய்ந்த தட்டை கிடைக்கும் வரை அதைத்தான் தின்னும். எலி உண்மையான தொல்லை. தட்டையைக் குவியலாக விடாமல் பரப்பிவிட்டால் அதற்கு ஒளிய இடம் குறையும், வரப்பையும் பெருக்க விடாதீர்கள்.

படைப்புழு 2018-ல் நம் நாட்டுக்குள் வந்தபோது விழுந்த அடியில் எல்லோருக்கும் பயம் இருப்பது இயல்பு. அதன் கூட்டுப்புழு மண்ணில் 2 முதல் 8 செ.மீ. ஆழத்தில் இருக்கும், உழுதால் வெளியே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் பலியாகும் என்பது சரி. ஆனால் அந்துப்பூச்சி எங்கிருந்தோ பறந்து வந்து முட்டை வைக்கிறது, உங்கள் நிலத்தை மட்டும் உழுது அதை நிறுத்த முடியாது. ஜிம்பாப்வேயில் சிறு விவசாயிகளின் வயல்களைப் பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில் உழவு குறைத்த நிலங்களில் படைப்புழுச் சேதம் குறைவாகவே தெரிந்தது. மூடாக்கில் எறும்பும் சிலந்தியும் தங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் ஊரில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, முதல் மூன்று வாரம் தினமும் குருத்தைப் பார்ப்பது, இவை மூடாக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை.

13. உழவு இல்லேன்னா களையை என்ன பண்றது?

முதல் இரண்டு வருஷம் களை கூடுதலாகத்தான் இருக்கும், மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மூடாக்கு அடர்த்தியாகும்போதுதான் குறையும். மக்காச்சோளத்துக்கு முதல் 30 முதல் 40 நாள்தான் ஆபத்து, அதற்குள் சைக்கிள் களைவெட்டியால் மேலாகச் சுரண்டி, பறித்த களையை அங்கேயே போடுங்கள். எந்தக் களையையும் விதை கொட்ட விடாதீர்கள், அறுவடைக்குப் பிறகும்.

களைக்கொல்லி அடிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அட்ரசின் அடித்தால் ஊடுபயிராக உளுந்து, தட்டைப்பயறு போடக் கூடாது, பயறு கருகிவிடும். ஊடுபயிர் வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொருந்தும் பெண்டிமெத்தலின் போன்றதைக் கேட்டு வாங்குங்கள். அட்ரசின் மண்ணில் சில மாதம் தங்கும், அதனால் அடுத்த பயிர் பயறாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

14. எங்களுது கரிசல். மழை பெஞ்சா தண்ணி நிக்குது, காஞ்சா வெடிக்குது. இதுல உழாம விட்டா?

கரிசலுக்கு மேட்டுப்பாத்தியோடு சேர்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். சமதரையில் உழாமல், மூடாக்கும் போட்டால் ஐப்பசி அடைமழையில் விதை அழுகிவிடும். முளைக்கிற விதை இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலும் தேறாது. ஒருமுறை சரிவைப் பார்த்து, மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு அதைக் கலைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வாய்க்காலைச் சீர் செய்து அந்த மண்ணைப் பாரில் அணைப்பதோடு சரி. டிராக்டர் சக்கரம் எப்போதும் வாய்க்காலில்தான் போக வேண்டும், பாரின் மேல் ஏறக் கூடாது. தட்டையை வாய்க்காலில் போட்டால் தண்ணீர் மெதுவாக நகரும், மண் அரிக்காது.

வெடிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், கரிசல் வெடிப்பது அதன் குணம். மூடாக்கு இருந்தால் தாமதமாக, சின்னதாக வெடிக்கும்.

15. மழைக்கு முன்னாடியே புழுதியில விதைச்சுடலாமா? விதையை ஊற வெச்சுப் போட்டா சீக்கிரம் முளைக்குமாமே?

இரண்டையும் சேர்த்துச் செய்யவே கூடாது. புழுதி விதைப்பில் விதை காய்ந்தே கிடக்க வேண்டும். ஆபத்து எங்கே என்றால் ஒரு தூறல் விழுந்து விதை பாதி ஊறி, அதற்குப் பிறகு பத்து நாள் வெயில் அடிப்பது. அதனால் புழுதியில் 5 செ.மீ.க்குக் குறையாமல் ஊன்ற வேண்டும், தூறல் அந்த ஆழத்துக்கு எட்டாது, நல்ல மழை பெய்தால்தான் விதைக்கு ஈரம் தெரியும். கரிசலுக்கு இது சரிப்படும், அடைமழை தொடங்கிவிட்டால் அங்கே கால் வைக்கவே முடியாது. செம்மண்ணில் நல்ல மழை ஒன்று பெய்து பதம் வந்த பிறகே விதையுங்கள்.

ஈரத்தில் விதைப்பதானால் ஊற வைப்பது நல்ல வழி. சாதாரணத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் ஊறக் கூடாது. ஆனால் கம்பெனி வீரிய விதை சிவப்பு, பச்சை, நீலம் என்று மருந்து பூசித்தான் வருகிறது, அதை ஊற வைத்தால் அடிச்சாம்பல் நோய்க்கும் பூச்சிக்கும் பூசிய மருந்து தண்ணீரோடு போய்விடும். கலர் விதையை ஊற வைக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் கோழி குடித்தாலும் ஆபத்து.

16. டிஏபி உரத்தை விதையோட சேத்தே ஊன்றிடலாமா? ஆள் கூலி மிச்சமாகுமே.

கூலி மிச்சமாகும், விதை வீணாகும். உரத்தின் உப்பு விதைக்குப் போக வேண்டிய ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதோடு யூரியாவிலிருந்தும் டிஏபியிலிருந்தும் வரும் அமோனியா இளவேரைக் கருக்கும். ஈரம் குறைந்த மானாவாரியில் இது இன்னும் கடுமை. விதைக்கு 5 செ.மீ. பக்கத்தில், 5 செ.மீ. கீழே உரம் விழ வேண்டும். கேள்வி 7-ல் சொன்ன கோட்டில் முதலில் உரத்தைப் போட்டு மண்ணால் மூடி, கோட்டின் ஓரத்தில் விதையை ஊன்றினால் போதும்.

17. ஆப்பிரிக்காவுல குழி எடுத்து மக்காச்சோளம் போடுறாங்களாமே, இங்க எடுபடுமா?

அது ஜாம்பியா, ஜிம்பாப்வே முறை. 1980-களில் ஜிம்பாப்வேயில் பிரையன் ஓல்ட்ரீவ் என்பவர் தன் பண்ணையில் செய்து காட்டியது, பிறகு ஜாம்பியாவில் பெரிதாகப் பரவியது. அறுவடை முடிந்த கையோடு, வெயில் காலத்திலேயே 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்து, எருவைப் போட்டு வைத்து, முதல் நல்ல மழைக்கு ஊன்றுவார்கள். எக்டேருக்கு 15,850 குழி, ஒவ்வொரு வருஷமும் அதே குழி. எரு, உரம், தண்ணீர் எல்லாம் விதை இருக்கும் இடத்திலேயே சேர்வதுதான் அதன் பலம். மாடு இல்லாததால் உழவுக்குக் காத்திருந்து பருவத்தைத் தவறவிட்டவர்களுக்கு அது பெரிய வரம்.

நமக்கு ஏக்கருக்கு 6,400 குழி என்றால் கூலியை நினைத்துப் பாருங்கள். வீட்டு ஆளே வேலை செய்யும் கால் ஏக்கர், அரை ஏக்கர் செம்மண் மேட்டு நிலத்துக்குச் செய்யலாம். கரிசலில் வேண்டாம், குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

18. நல்ல விலை கிடைக்குது, வருஷா வருஷம் மக்காச்சோளமே போட்டா என்ன?

உழுகிற நிலத்திலேயே அது நல்லதில்லை, தட்டையை விடும் நிலத்தில் கண்டிப்பாகக் கூடாது. இலைக்கருகல் பூசணம் பழைய தட்டையில் தங்கி அடுத்த பயிரில் ஏறும், அடிச்சாம்பல் நோயின் வித்து மண்ணிலேயே கிடக்கும். ஒரு வருஷம் மக்காச்சோளம், அடுத்த வருஷம் பருத்தியோ பயறோ என்று மாற்றுங்கள். கரிசலில் ஈரம் மிச்சம் இருந்தால் மக்காச்சோளத்துக்குப் பின்னால் கொண்டைக்கடலை போடலாம். மாற்றவே முடியாது என்றால் கேள்வி 10-ல் சொன்ன ஊடுபயிராவது இருக்கட்டும்.

19. போக்கு விழுந்த இடத்துல மறுபடி ஊன்றினா விளையுமா?

முளைப்புத் தெரிந்த மூன்று நாலு நாளுக்குள் ஊன்றினால் விளையும். பத்து நாள், பதினைந்து நாள் கழித்து ஊன்றினால் பக்கத்துச் செடி நிழல் கட்டி, பின்னால் வந்தது கதிர் பிடிக்காத மலடாக நிற்கும், தண்ணீரையும் உரத்தையும் மட்டும் தின்னும். நேரம் தாண்டிவிட்டால் அந்த இடத்தில் தட்டைப்பயறு ஊன்றுங்கள். தரையாவது மூடியிருக்கும்.

20. முதல் வருஷம் விளைச்சல் குறையுமா? எப்பதான் பலன் தெரியும்?

குறையலாம். 2015-ல் வெளியான பெரிய தொகுப்பு ஆய்வு ஒன்று 63 நாடுகளிலிருந்து 610 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எல்லாப் பயிரையும் சேர்த்தால் உழாத நிலத்தில் சராசரியாக 5.7 சதவீதம் விளைச்சல் குறைவு. ஆனால் வறண்ட மானாவாரிப் பகுதியில் தட்டை மூடாக்கும் பயிர் மாற்றமும் சேர்ந்திருந்தால் 7.3 சதவீதம் கூடுதல். கேள்வி 6-ல் மூன்றையும் சேர்த்துச் செய்யச் சொன்னது இதனால்தான். முளைப்பில் வித்தியாசம் முதல் பருவத்திலேயே தெரியும், உழவுக் கூலி மிச்சமாவதும் முதல் வருஷமே. மண் கட்டி திடமாவது, மண்புழு வருவது, அங்ககக் கரிமம் (மக்கிய பொருளில் உள்ள கார்பன்) ஏறுவது எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே போனால் நல்ல நிலை. இந்த எண் ஒரே வருஷத்தில் நகராது, நகரவில்லை என்று மனம் உடையவும் வேண்டாம்.

21. ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாக்கணும்னா எப்படிப் பாக்குறது? கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது.

மொத்த நிலத்தையும் மாற்றாதீர்கள். அரை ஏக்கரை மட்டும் ஒதுக்கி, பக்கத்திலேயே வழக்கமான உழவில் அரை ஏக்கர், இரண்டிலும் ஒரே விதை, ஒரே நாள், ஒரே உரம். விதைத்து பதினைந்தாம் நாள் ஒரு கயிற்றில் 6 மீட்டர் 75 செ.மீ. அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். 60 செ.மீ. வரிசையில் அந்த நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கயிற்றை வரிசையோரம் போட்டு செடியை எண்ணினால், அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்க ஏக்கருக்கு எத்தனை செடி என்று வந்துவிடும். 27 இருந்தால் முழு எண்ணிக்கை. 20-க்குக் கீழே என்றால் கேள்வி 3-ல் சொன்ன மாதிரி தோண்டிப் பாருங்கள். நல்ல இடமாகப் பார்த்துக் கயிற்றைப் போடாமல், ஒவ்வொரு பக்கமும் ஐந்து இடத்திலாவது எண்ணி சராசரி எடுத்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அறுவடையில் அதே கயிற்றைப் போட்டுக் கதிரையும் எண்ணிக்கொள்ளலாம்.